பரசூட் விரிந்தே ஆகவேண்டும்: தண்ணீர் ரொக்கெட்டைச் சேதமில்லாமல் இறக்க ஒரு முழு வழிகாட்டி

தண்ணீர் ரொக்கெட் என்பது தண்ணீரும் அமுக்கிய காற்றும் அடைத்த சோடாப் போத்தல்; வாயால் பீறும் தண்ணீர் அதை மேலே தள்ளும். அதைச் செய்யும் பிள்ளைகள் அநேகமாகப் போத்தலில்தான் தொடங்குவார்கள். பிறகு செட்டை ஒட்டுவார்கள், மூக்குக்குக் கூம்பு செய்வார்கள், நிறம் அடிப்பார்கள். பரசூட் கடைசி நாள் பின்னேரம் ஞாபகத்துக்கு வரும். அப்போது மிச்சமிருப்பது கூம்புக்குள் ஒரு கைப்பிடி இடம். அதற்குள் ஒரு ஷொப்பிங் பையைச் சுருட்டித் திணித்துவிட்டு, மேலே போனதும் கூம்பு தானாகக் கழன்றுவிடும் என்று நம்புவார்கள். சிலவேளை கழரும்.

இங்கே வரிசை வேறு. முதலில் பரசூட்டின் அளவு, பிறகு அது இருக்கும் அறை, பிறகு அறையைத் திறக்கும் பொறி. ரொக்கெட் இவை எல்லாவற்றையும் சுமக்கும் வண்டி மட்டுமே. ஒன்றரை லீற்றர்ப் போத்தலில் ஒழுங்காகச் செய்த ரொக்கெட் 40 மீற்றரைத் தாண்டி ஏறும். 300 கிராம் நிறையுள்ள அது 45 மீற்றரிலிருந்து மூக்குக் கீழாக வந்தால், காற்றுத் தடையையும் கணக்கில் எடுத்தபின், நிலத்தில் மோதும் வேகம் மணிக்கு 90 கிலோமீற்றருக்கு மேல். கீழே நிற்பது சக மாணவனாக இருக்கலாம், மேயும் மாடாக இருக்கலாம், ஆரோ ஒருவரின் ஓட்டுக்கூரையாகவும் இருக்கலாம்.

வெடிமருந்து வேண்டாம்

வெளிநாடுகளில் உயர்திறன் மாதிரி ரொக்கெட் என்று ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது. மோட்டாரின் மொத்தக் கணத்தாக்கு (உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது) 160 நியூற்றன் செக்கனைத் தாண்டினால் அது உயர்திறன் வகை. அமெரிக்காவில் அதைப் பறக்கவிட, நார், திரிப்போலி ஆகிய சங்கங்களில் ஒன்றில் படிப்படியாக மூன்று நிலைச் சான்றிதழ் எடுக்கவேண்டும். அவர்கள் பரசூட்டை வெளியே தள்ளக் கரிமருந்து பாவிக்கிறார்கள். இலங்கையில் வெடிபொருட்கள் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருபவை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் செய்யவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. பட்டாசைப் பிரித்து மருந்து சுரண்டும் யோசனை எவருக்காவது வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். விரல் போவது ஒரு பக்கம், வன்னியில் அதை விளங்கப்படுத்தப் போகவேண்டிய இடங்கள் இன்னொரு பக்கம்.

ஆனால் அந்த ஆட்கள் காசும் ரொக்கெட்டும் இழந்து கண்டுபிடித்த ஒழுங்குமுறைகள் நமக்கு அப்படியே உதவும். ஒன்றையொன்று நம்பியிராத இரண்டு திறப்புப் பொறிகள் வைப்பது, உச்சியில் திறப்பது, நிலத்தில் வைத்து முழுப் பரிசோதனை செய்த பிறகே ஏவுவது என்ற மூன்றையும் தண்ணீர் ரொக்கெட்டுக்கு எடுத்துக்கொள்வோம்.

படி 1: எவ்வளவு பெரிய பரசூட்?

தண்ணீர் இல்லாத ரொக்கெட்டை எல்லாப் பாகங்களுடனும் பலசரக்குக் கடைத் தராசில் நிறுங்கள். இறங்கும்போது அதுதான் நிறை. செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் இறங்கினால் பெற் (PET) பிளாஸ்ரிக் போத்தலும் செட்டையும் தாங்கும். தட்டையான வட்டப் பரசூட்டின் தடைக்குணகத்தை 0.75 என்றும், வன்னி வெயிலில் காற்றின் அடர்த்தியைக் கனமீற்றருக்கு 1.16 கிலோகிராம் என்றும் எடுத்துக் கணக்கிட்டால் சுருக்கமான ஒரு வழி கிடைக்கும்: கிராமில் உள்ள நிறையின் வர்க்கமூலத்தை 3.4 ஆல் பெருக்குங்கள். வருவது சென்ரிமீற்றரில் விட்டம். 225 கிராமுக்கு 51, 300 கிராமுக்கு 59, 400 கிராமுக்கு 68 சென்ரிமீற்றர்.

பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்பார்கள். இல்லை. 45 மீற்றரிலிருந்து செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் இறங்க 9 செக்கன் எடுக்கும். செக்கனுக்கு 3 மீற்றர் காற்றில் அது 27 மீற்றர் தள்ளிப்போய் விழும். சோளகம் (தென்மேற்குக் காற்று) 8 மீற்றரில் அடித்தால் 72 மீற்றர். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் இறங்கும் வேகம் பாதியாகும், இழுபடும் தூரம் இரண்டு மடங்காகும். வயலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் பரசூட்டின் அளவைத் தீர்மானிக்கவேண்டும். பனங்கூடலோ மின்கம்பியோ குளமோ கிட்ட இருந்தால் செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தை ஏற்றுக்கொண்டு சிறிய பரசூட் போடுங்கள். அதற்குப் பெருக்கும் எண் 2.8.

படி 2: குடைத்துணியில் வெட்டுவது

கம்பி முறிந்த பழைய குடை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று கிடக்கும். பெரும்பாலான குடைகள் எட்டுத் துண்டு வைத்துத் தைத்தவை. எட்டுத் தையலும் நடுவில் சந்திக்கின்றன, நடுவில் காம்பு போன ஓட்டையும் இருக்கிறது. பரசூட்டுக்கு வேண்டிய எல்லாம் தைத்தே கையில் வந்துவிட்டது. துணியைக் கம்பியிலிருந்து கழற்றி, நடுவிலிருந்து வேண்டிய ஆரத்தை அளந்து வட்டமாக வெட்டுங்கள். ஓரம் பிரியாமல் மடித்துத் தைக்கவேண்டும்; தையல் மெசின் இல்லாவிட்டால் கைத்தையலும் போதும். 60 சென்ரிமீற்றர்த் துணி 20 கிராம் அளவில் வரும்.

நடு ஓட்டையை அடைக்காதீர்கள். அகப்பட்ட காற்றுக்குப் போக வழி இல்லாவிட்டால் அது ஓரத்தால் மாறிமாறி வழியும், பரசூட் ஊஞ்சல் ஆடும். ஓட்டை விட்டத்தில் பத்தில் ஒன்றாக இருந்தால் இழக்கும் பரப்பு நூற்றில் ஒன்றுதான்.

குப்பைப் பையால் செய்த பரசூட்டும் பறக்கும், இதைவிடப் பாரமும் குறைவு. ஆனால் வெயிலில் மடித்து வைத்த பொலித்தீன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மார்கழியில் வேலை செய்த அதே பரசூட் சித்திரையில் கட்டியாக வெளியே விழுவதற்கு இதுதான் காரணம். கிளிநொச்சி வெயிலுக்குத் துணிதான் சரி.

படி 3: நூல்

எட்டுத் தையல் முடிவிலும் எட்டு நூல். தையல் இருக்கும் இடம்தான் துணியில் பலமான இடம், வேறெங்கும் கட்டவேண்டாம். ஒவ்வொரு நூலும் பரசூட்டின் விட்டத்தைவிடக் குறையக்கூடாது. 60 சென்ரிமீற்றர்ப் பரசூட்டுக்கு 70 வைத்தால் நன்று. பலகையில் இரண்டு ஆணி அடித்து நூலை அவற்றைச் சுற்றி அளந்து வெட்டினால் எட்டும் ஒரே நீளத்தில் வரும். ஒரு நூல் 2 சென்ரிமீற்றர் குட்டையானாலே பரசூட் ஒரு பக்கம் சரிந்து சுழலும்.

தங்கூசி வேண்டாம். அது சுற்றியிருந்த வளைவை மறக்காது. வெளியே வந்ததும் சுருள் சுருளாக எழும்பி மற்ற நூல்களைப் பிடித்துக்கொள்ளும். முல்லைத்தீவில் வலை பொத்தும் ஆட்களிடம் கிடைக்கும் முறுக்கிய நைலோன் நூல், அல்லது தையல்காரரின் தடித்த நூல் நல்லது. எட்டு நூலும் சேரும் இடத்தில் தூண்டில்காரர் பாவிக்கும் சுழலும் கண்ணி ஒன்றைப் போடுங்கள். ரொக்கெட் சுழன்றாலும் நூல்கள் முறுக்கேறாது.

கண்ணிக்கும் ரொக்கெட்டுக்கும் இடையே ஒரு நீண்ட இணைப்பு நாடா வேண்டும். ஒரு மீற்றர் ரொக்கெட்டுக்கு 3 மீற்றராவது இருக்கட்டும். தட்டையான நாடாதான் நல்லது. சப்பாத்து லேஸ் இரண்டை முடிந்தாலும் சரிதான். பரசூட் வெளியே பாயும்போது இந்த நீளம் முழுவதும் தளர்வாக ஓடி வேகத்தைத் தின்றுவிடும், உதறல் குறையும். நீளம் குறைந்தால் உதறல் முழுவதும் முடிச்சில் விழும். நாடாவின் அடிமுனையை ஒட்டாமல், அழுத்தப் போத்தலின் கழுத்து வளையத்தைச் சுற்றிக் கட்டுங்கள். பசை வெயிலில் இளகும். ஆனால் அழுத்தப் போத்தலில் ஓட்டை போட்டுக் கட்டும் வேலையை ஒருபோதும் செய்யக்கூடாது.

படி 4: பக்கக் கதவுள்ள அறை

மூக்குக் கூம்பு கழன்று பரசூட் வருவது பார்க்க அழகு, நம்ப முடியாது. இறுக்கமாகப் பொருத்தினால் கழராது. தளர்வாகப் பொருத்தினால் தண்ணீர் தீரும் கணத்தில், ரொக்கெட் மிக வேகமாக இருக்கும்போதே, பின்னடைவில் கழன்றுவிடும். இடைப்பட்ட இறுக்கம் ஒன்று இருக்கிறதுதான், ஆனால் அது காலையில் ஒன்று, மத்தியானத்தில் வேறொன்று. அதனால் பக்கத்தால் திறக்கும் அறை செய்வோம்.

இன்னொரு ஒன்றரை லீற்றர்ப் போத்தலின் கழுத்தையும் அடியையும் வெட்டி, நேரான உருளைப் பகுதியில் 18 சென்ரிமீற்றர் எடுங்கள். இதற்கு அழுத்தம் எதுவும் இல்லை, அதனால் வெட்டலாம். சுற்றளவு 28 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். அதில் 12 சென்ரிமீற்றர் அகலமும் 16 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள கதவு ஒன்றை வெட்டுங்கள். பிள்ளைகள் வழக்கமாகக் கதவைச் சின்னதாக வெட்டுவார்கள், உறுதி குறையும் என்று பயந்து. பரசூட் பொதியைவிட ஒடுங்கிய கதவு கதவே இல்லை. உறுதி வேண்டுமென்றால் அறையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இரண்டாவது பெற் வளையம் ஒட்டுங்கள்.

கதவின் விளிம்பு அறைக்குள் போகாதபடி, வாசலின் உட்பக்கம் சுற்றிவர அரைச் சென்ரிமீற்றர்ப் பட்டி ஒன்று ஒட்டுங்கள். கத்தரிக்கோல் வெட்டிய பெற் விளிம்பு நூலை அரிவாள்போல அறுக்கும். எல்லா விளிம்புக்கும் ரேப் சுற்றவேண்டும். கதவை ஒரு சிறு நூலால் நாடாவோடு கட்டிவிடுங்கள், வயலில் தேடத் தேவையில்லை.

கதவு திறந்தால் மட்டும் பரசூட் வெளியே வராது. உச்சியில் ரொக்கெட்டின் வேகம் கிட்டத்தட்ட இல்லை. அறையில் உள்ள எல்லாம் ரொக்கெட்டோடு சேர்ந்தே விழுகின்றன, பரசூட்டை எதுவும் வெளியே இழுக்காது. அதைத் தள்ளிவிட ஆள் வேண்டும். அறையின் பின்சுவருக்கு முன்னால், வாசலுக்குக் குறுக்காக, இரண்டு அகலமான இலாஸ்ரிக் பட்டிகளைக் கட்டுங்கள். பரசூட் பொதியை வைத்துக் கதவை மூடும்போது பட்டிகள் பின்னே இழுபட்டு நிற்கும். திறந்ததும் பொதியை எறியும். அறையின் அடியில் ரிஜிபோம் துண்டொன்றை வாசல் பக்கம் சரிவாக வைத்தால் கீழ்மூலையில் எதுவும் சிக்காது.

இந்தச் சரிவு இன்னொரு வேலையும் செய்யும். 22 மில்லிமீற்றர் வாயுள்ள போத்தல் 5 பார் அழுத்தத்தில் தொடங்கும்போது உந்துவிசை 370 நியூற்றன் அளவு. தண்ணீரோடு 800 கிராம் நிறையை அது தள்ளினால் முடுக்கம் 40 ஜி-யை, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் 40 மடங்கைத் தாண்டும். 40 கிராம் பொதி அந்தக் கணத்தில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பாரமாகி அடியில் போய் நசியும். தட்டையான அடியில் நசிந்த பொதி அங்கேயே குந்திவிடும்.

கதவை மூடி வைப்பது வெளியால் சுற்றிய ஒரு றப்பர் பான்ட். அது எவ்வளவு இறுக்கமாக இருக்கவேண்டும்? செக்கனுக்கு 30 மீற்றரில் போகும்போது பக்கச்சுவரில் ஏற்படும் உறிஞ்சல் இந்த அளவுக் கதவை மோசமான நிலையில் 10 நியூற்றன் அளவுக்கு வெளியே இழுக்கலாம். பாடசாலை ஆய்வுகூட நியூற்றன் தராசைக் கதவில் கொளுவி இழுத்துப் பாருங்கள். 15 நியூற்றனுக்குள் திறந்தால் பான்டை மாற்றுங்கள். வெயில்பட்ட பழைய றப்பர் பான்டை நம்பாதீர்கள், ஒவ்வொரு பறப்புக்கும் புதியது போடுங்கள். ஒரு ரூபா விடயம்.

படி 5: எப்போது திறப்பது

45 மீற்றர் உயரத்துக்கு ஏவியதிலிருந்து உச்சிவரை 3 செக்கன் அளவு எடுக்கும். உச்சியிலிருந்து அரைச் செக்கன் பிந்தித் திறந்தால் ரொக்கெட்டின் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர். 60 சென்ரிமீற்றர்ப் பரசூட்டில் விழும் இழுவை 3 நியூற்றன். இரண்டு செக்கன் பிந்தினால் வேகம் 20 மீற்றருக்குக் கிட்ட, இழுவை 50 நியூற்றனுக்குக் கிட்ட. வேகம் நாலு மடங்கானால் இழுவை பதினாறு மடங்கு. நூல் அறுவதும், தையல் பிரிவதும், நாடா அறைச்சுவரை மேலிருந்து கீழாகக் கிழிப்பதும் அந்த இரண்டு செக்கனில்தான். முந்தித் திறந்தாலும் இதே கதைதான், ரொக்கெட் மேல்நோக்கிப் போகிறது என்பது மட்டும் வித்தியாசம். ஆக, உச்சிக்குப் பிறகு அரைச் செக்கனுக்குள் திறப்பதே குறி.

மலிவான வழி சாவி கொடுக்கும் பொம்மை. சந்தையில் விற்கும் நடக்கும் கோழிக்குஞ்சு, ஓடும் கார் எதுவானாலும் சரி, உள்ளே சுருள்வில்லும் பற்சக்கரங்களும் கொண்ட சின்னப் பெட்டி இருக்கும். அதைக் கழற்றி எடுங்கள். அச்சில் ஒரு கைபோல வளைந்த கம்பியை ஒட்டி, கதவின் றப்பர் பான்டை அதில் கொளுவுங்கள். அச்சு சுழன்று கம்பியின் முனை பான்டின் பக்கம் திரும்பும்போது பான்ட் நழுவிவிடும். சுழற்சி தொடங்காமல் தடுக்க ஒரு குண்டூசி. அந்தக் குண்டூசியை நூலால் ஏவுதளத்தில் கட்டிவிட்டால், ரொக்கெட் எழும்பும்போது தானே கழன்று நேரம் ஓடத் தொடங்கும். கம்பியின் தொடக்கக் கோணத்தை மாற்றினால் நேரம் மாறும். கைபேசிக் கமராவில் மெதுவோட்டமாகப் பிடித்து நேரத்தை அளவுங்கள், கண்ணை நம்பவேண்டாம். பான்ட் கொளுவிய நிலையிலேயே அளக்கவேண்டும். சுமை இருந்தால் சக்கரம் ஓடும் வேகம் மாறும். ஏவும்போது உண்டாகும் முடுக்கம் கம்பியைத் தானாகச் சுழற்றாதபடி, அச்சு ரொக்கெட்டின் நீளத்துக்குச் சமாந்தரமாக இருக்கட்டும்.

இலத்திரனியலில் ஆர்வம் உள்ளவர்கள் ஆர்டுயினோ நானோ (நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கணினிப் பலகை), பிஎம்பி280 அமுக்க உணரி, எஸ்ஜி90 சேர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டார்) என்ற மூன்றையும் வைத்துச் செய்யலாம். ஒரு மீற்றர் ஏற அமுக்கம் 11 பஸ்கல் அளவு குறையும். அந்த உணரிக்கு அது தாராளம். செக்கனுக்கு 50 தடவை வாசித்து, உயரம் இதுவரை கண்ட அதிகூடிய அளவிலிருந்து 1 மீற்றர் குறைந்துவிட்டது என்று தொடர்ந்து மூன்று வாசிப்புகள் சொன்னால் சேர்வோ திரும்பட்டும். நின்ற இடத்திலிருந்து 1 மீற்றர் விழ 0.45 செக்கன், நம் குறிக்குள் அடங்கும். ஏவி ஒன்றரைச் செக்கன்வரை எதைக் கண்டாலும் திறக்கக்கூடாது என்ற பூட்டும், 4 செக்கன் ஆனால் எதைக் காணாவிட்டாலும் திற என்ற கட்டளையும் நிரலில் இருக்கவேண்டும்.

உணரி இருக்கும் அறைக்குக் காற்றுத்துளை வேண்டும். 300 மில்லிலீற்றர் அறைக்கு 2 மில்லிமீற்றர்த் துளை மூன்று, சுற்றிவரச் சம இடைவெளியில். ஒரு துளை மட்டும் போட்டால் காற்று அந்தப் பக்கம் வீசும்போது உயரத்தைத் தப்பாகக் காட்டும். இந்த உணரிக்கு வெளிச்சமும் ஆகாது, ஒரு துண்டு ஸ்பொஞ்சால் மூடிவிடுங்கள்.

முடுக்க உணரியும் சேர்க்க ஆசைப்படுவார்கள். எம்பியு6050 என்ற உணரி 16 ஜி வரைதான் அளக்கும், நம் ரொக்கெட் 40ஐத் தாண்டுகிறது. எல்லையில் முட்டி நின்ற வாசிப்பை வைத்து வேகமும் உயரமும் கணக்கிட்டால் வருவது குப்பை. 2016 ஒக்ரோபரில் செவ்வாயில் இறங்கப்போன ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி கலத்துக்கும் இந்த வகைச் சிக்கல்தான்: பரசூட் விரிந்தபோது சுழற்சி உணரி தன் எல்லையில் போய் நின்றது, கணினி தான் நிலத்துக்குக் கீழே இருப்பதாகக் கணக்குப் போட்டுப் பரசூட்டை வானத்திலேயே கழற்றிவிட்டது. முடுக்க உணரியை ஏவல் தொடங்கியதைக் கண்டுபிடிக்க மட்டும் பாவியுங்கள். அதை எந்தப் பக்கம் பார்த்துப் பொருத்தினீர்கள் என்பதையும் கையால் அசைத்துச் சரிபாருங்கள். 2004 செப்ரெம்பர் 8 அன்று நாசாவின் ஜெனிசிஸ் பெட்டகம் யூட்டா பாலைவனத்தில் பரசூட் விரியாமலே மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் மோதியது. முடுக்க உணரிகள் தலைகீழாக வடிவமைக்கப்பட்டிருந்தன.

பற்றறிதான் பலர் கவனிக்காத இடம். கம்பிச்சுருள் வைத்த பற்றறிக் கூட்டில், 40 ஜி-யில் பற்றறி சுருளை அமுக்கி ஒரு கணம் தொடுப்பு விட்டுப்போகும். ஆர்டுயினோ திரும்பத் தொடக்கத்திலிருந்து ஓடும், ஏவியதே அதற்குத் தெரியாது. சுருள் மூக்குப் பக்கம் இருக்கும்படி வைத்து, பற்றறியை ரேப்பால் இறுக்கிக் கட்டுங்கள்; பற்றவைத்த கம்பி உள்ள பற்றறித் தொகுதி இன்னும் நல்லது. சேர்வோ அசையும்போது இழுக்கும் மின்னும் இதே கோளாறைத் தரும், அதற்கு 470 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று போதும்.

பொம்மையா இலத்திரனியலா என்று கேட்டால் என் விடை இரண்டும். றப்பர் பான்டின் ஒரு முனையைச் சேர்வோவிலும் மறுமுனையைப் பொம்மைக் கம்பியிலும் கொளுவுங்கள். எந்த முனை நழுவினாலும் கதவு திறக்கும். பொம்மையை எதிர்பார்க்கும் உச்சிக்கு முக்கால் செக்கன் பிந்த வையுங்கள். பற்றறி செத்தாலும் பொம்மைக்குக் கவலையில்லை, குண்டூசி சிக்கினாலும் சேர்வோவுக்குக் கவலையில்லை. உயர்திறன் ஆட்கள் இரண்டு உயரமானிகளை இரண்டு தனிப் பற்றறிகளில் வைப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான். ஒரே பற்றறியில் இரண்டு நிரல் ஓடுவதை இரண்டு என்று எண்ணக்கூடாது.

படி 6: மடிப்பது

நடு ஓட்டையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, எட்டுத் துண்டும் புத்தகத்தின் ஒற்றைகள்போல ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி தட்டையாக்குங்கள். முகப்பவுடர் கொஞ்சம் தூவுங்கள். நீளவாக்கில் ஒருமுறை மடித்து, பிறகு விசிறிபோல முன்னும் பின்னுமாக மடித்து வாருங்கள். நூல்களை நேராக இழுத்து, அவற்றையும் முன்னும் பின்னுமாக வளைத்து மடிப்பின்மேல் வையுங்கள். நூலைப் பொதியைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது பரவலான பழக்கம், இந்த உயரத்துக்கு அது கூடாது. சுற்றைப் பிரிக்க நேரம் போகும், நமக்கு அந்த நேரம் இல்லை.

அறைக்குள் போகும் ஒழுங்கு: முதலில் நாடா, அதன்மேல் நூல், வாசலை ஒட்டித் துணி. வெளியேறும்போது துணி முதலில் போகவேண்டும். பொதியை விரலால் அமுக்கித் திணிக்கவேண்டி வந்தால் அறை போதாது என்று அர்த்தம்.

முதல்நாள் இரவே மடித்து வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். மடிப்பு பதிந்துவிடும். ஏவுவதற்குச் சற்று முன்னர், நிழலில், ஈரமில்லாத கையால் மடியுங்கள். ஏவுதளத்தில் தண்ணீர் சிதறும், ஈரம் பட்ட பவுடர் பசையாகிவிடும்.

படி 7: நிலத்தில் பரிசோதனை

பரசூட்டை முழுதாகப் பொதிந்து, கதவை மூடி, பொறியை ஓட்டுங்கள். ரொக்கெட் நிமிர்ந்து நிற்கும்போது, கிடையாக வாசல் மேலே பார்க்க, கிடையாக வாசல் கீழே பார்க்க, தலைகீழாக என்று நாலு நிலையிலும் செய்யவேண்டும். வாசல் மேலே பார்க்கும் நிலைதான் கடினமானது: இலாஸ்ரிக் பட்டி பொதியைப் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்கி எறியவேண்டும். அதில் பொதி ஒரு முழமாவது எழும்பாவிட்டால் பட்டியை இறுக்குங்கள். ஒவ்வொரு நிலையிலும் தொடர்ந்து பத்துத் தடவை. ஒன்பதாவதில் சிக்கினால் காரணத்தைத் திருத்திவிட்டு ஒன்றிலிருந்து எண்ணுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். தொடக்கத்தில் ஏதாவது ஒன்று சிக்கும். அந்தச் சிக்கலை வகுப்பறைத் தரையில் பார்த்துவிட்டால் நல்லது.

பிறகு பொதிந்த ரொக்கெட்டை அரை மணித்தியாலம் வெயிலில் வைத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். பிறகு அடிப்பக்கத்தைத் தலையணையில் பலமாகக் குத்தி, உடனே திறந்து பாருங்கள். இது ஏவல் அதிர்ச்சிக்கு ஒரு மோட்டா ஒத்திகை. கடைசியாக, பாடசாலையின் மேல்மாடியிலிருந்து ரொக்கெட்டின் அதே நிறையுள்ள மணல் போத்தலைப் பரசூட்டில் கட்டி, கீழே ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போட்டு, இறங்கும் வேகத்தைக் கைபேசி வீடியோவில் அளந்து உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

படி 8: வயலில்

காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்கள்தான் வன்னியில் இதற்கு உகந்த காலம். வயல் வெறுமையாக இருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். வைகாசி தொடக்கம் சோளகம் அடிக்கும் மாதங்களில் ஏவத்தான் வேண்டுமென்றால் விடியற்காலையில் ஏவுங்கள். வயலின் நடுவில் நிற்காமல் காற்று வரும் பக்க எல்லையில் நில்லுங்கள், பரசூட் வயலுக்குள் விழ இடம் கிடைக்கும்.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது ரொக்கெட் விழக்கூடிய எல்லா இடமும் நீங்கள் நடக்கக்கூடிய இடமா என்று பாருங்கள். முகமாலைப் பக்கம்போல மிதிவெடி அகற்றும் வேலை நடந்த, நடக்கிற பகுதிகளின் ஓரங்களில் ஏவவே வேண்டாம். மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் ரொக்கெட் விழுந்தால் அது போனதுதான், ஒரு பிள்ளையும் எடுக்கப் போகக்கூடாது. பலகை இல்லாத பற்றைக்காட்டிலும் ஊராரைக் கேட்காமல் இறங்கவேண்டாம். மின்கம்பியில் தொங்கும் பரசூட்டைத் தடியால் தட்டி எடுக்க முயலவும் கூடாது. மின்சார சபைக்கு அறிவியுங்கள்.

அதிபர், கிராம அலுவலர், கிட்ட உள்ள பொலிஸ் நிலையம் மூன்றுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். அயல் வீடுகளுக்கும் ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். வானத்தில் ஏதாவது கீச்சிட்டுப் போனால் பதுங்க இடம் தேடிய ஆட்கள் இந்த ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். சொன்னால் அவர்களே கதிரை போட்டு இருந்து பார்ப்பார்கள்.

அழுத்தப் போத்தல் சோடாப் போத்தலாகவே இருக்கவேண்டும், குடிதண்ணீர்ப் போத்தல் மெல்லியது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், 5 பாருக்கு மேல் அடிக்கவேண்டாம்; சைக்கிள் பம்பின் மானியில் அது 70 பிஎஸ்ஐ அளவு. கீறலோ வெண்மையோ கண்ட போத்தலை எறிந்துவிடுங்கள். அடிக்கத் தொடங்கியபின் பத்து மீற்றருக்குள் ஒருவரும் போகக்கூடாது, ஏவுவதும் நீண்ட கயிற்றால். சேர்வோவின் சுவிட்சைப் போடுவதும் குண்டூசி நூலைக் கட்டுவதும் அதற்கு முந்திய வேலைகள். இந்த ஒழுங்கை மட்டையில் எழுதி, ஒரு பிள்ளை வாசிக்க இன்னொரு பிள்ளை செய்யட்டும்.

இறங்கிய பிறகு

ரொக்கெட்டை எடுத்ததும் சுருட்டாதீர்கள், கிடந்தபடியே படம் எடுங்கள். கதவு திறந்து பரசூட் அறைக்குள்ளேயே இருந்தால் இலாஸ்ரிக் தளர்வு அல்லது பொதி பெரிது. பரசூட் வெளியே வந்து பந்தாகவே விழுந்திருந்தால் மடிப்பில் பிழை, அல்லது துணி ஒட்டியிருக்கிறது. விரிந்து, நூல்கள் கயிறுபோல முறுகியிருந்தால் சுழலும் கண்ணியில் மண் ஏறியிருக்கிறதா பாருங்கள்; வன்னிச் செம்மண் அதற்குள் போய் அடைத்துவிடும், தண்ணீரில் கழுவினால் சரி. அறைச்சுவரில் மேலிருந்து கீழாகக் கிழிசல் கண்டால் நேரம் பிழை. வீடியோவில் உச்சிக்கும் கதவு திறந்ததற்கும் இடையில் எத்தனை செக்கன் என்று எண்ணிப் பொம்மையின் கோணத்தைத் திருத்துங்கள். கதவு திறக்கவேயில்லை என்றால் றப்பர் பான்ட் எந்த முனையில் இன்னும் கொளுவியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு முனை நழுவியும் கதவு திறக்காமல் இருந்தால் கதவே வாசலில் இறுகியிருக்கிறது. விளிம்பை ஒரு மில்லிமீற்றர் அரத்தால் தேய்த்துவிட்டு, அடுத்த ஏவலுக்கு முன் படி 7ஐ முழுவதும் திரும்பச் செய்யுங்கள்.